அமெரிக்கர்களில் அரசை நம்புகிறவர்கள் 22 சதவீதம்தானா?

12 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

"பியூ ஆய்வு மையத்தின் 2024 கணிப்புப்படி வாஷிங்டன் அரசை நம்புகிறவர்கள் 22 சதவீதம் பேர்தான். 1964-ல் இது 77. பத்தில் எட்டுப் பேர் நம்பாத அரசு எப்படி நிற்கிறது? எல்லாம் டிரம்ப் வந்த பிறகு ஆரம்பித்த கூத்து என்பது என் கருத்து. அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்."

12 ஜனவரி, இரவு

டிரம்ப் கணக்கில் இதை எழுத முடியாது. சரிவு தொடங்கியபோது அவர் கல்லூரி மாணவர்.

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது 1958-ல், ஐசனோவர் காலத்தில். வாஷிங்டனில் இருக்கும் அரசு சரியானதைச் செய்யும் என்று எவ்வளவு நேரம் நம்பலாம் என்று கேட்டார்கள். 73 சதவீதம் பேர் எப்போதும் அல்லது பெரும்பாலும் என்றார்கள். 1964-ல் 77, அதுதான் உச்சம். அப்புறம் வியட்நாம். அதிபர் ஜான்சன் அரசு போர் நன்றாகப் போகிறது என்று சொல்லச் சொல்ல சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. 1968-ல் தெற்கு வியட்நாம் நகரங்கள் மேல் கம்யூனிஸ்டுகள் நடத்திய டெட் தாக்குதலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பிறகு வாட்டர்கேட், அதாவது எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து ஒட்டுக்கேட்க முயன்றதை அதிபர் நிக்சன் தரப்பு மூடி மறைத்த ஊழல். 1974 ஆகஸ்டில் நிக்சன் ராஜினாமா. அந்த வருடம் 36. கார்ட்டர் காலம் முடியும்போது, பெட்ரோல் தட்டுப்பாடு, விலைவாசி, ஈரானில் பணயக்கைதிகள் என்று எல்லாம் சேர்ந்து, நாலில் ஒருவர்தான் நம்பினார். ரீகன் காலத்தில் 40-ஐத் தாண்டி ஏறியது, 1994-ல் மறுபடி 20-க்குப் பக்கத்தில் விழுந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு கொஞ்ச நாள் 60-ஐத் தாண்டியது. இராக், கத்ரீனா புயல் என்று அதுவும் கரைந்தது. 2007-க்குப் பிறகு பியூ கணிப்பில் ஒருமுறைகூட 30-ஐத் தாண்டவில்லை.

அறுபது வருடக் கதை இது. இந்தச் சரிவு இல்லாமல் டிரம்ப் வந்திருக்கவே முடியாது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

13 ஜனவரி

நேற்று எழுதாமல் விட்டது. அந்தக் கேள்விக்கு வாசித்துக் காட்டும் பதில்கள் மூன்றே மூன்று: ஏறக்குறைய எப்போதும், பெரும்பாலான நேரம், சில நேரம் மட்டும். முதல் இரண்டையும் கூட்டித்தான் 22. 'சில நேரம்' என்றவர் நம்பாதவர் கணக்கில் போய்விடுவார்.

2023-ல் எங்கள் வீட்டுக்கும் தபாலில் ஒரு கணிப்புப் படிவம் வந்தது. உறைக்குள் ஒரு டாலர் நோட்டு இரண்டு, புதுசாக. காசை வாங்கிக்கொண்டு பதில் போடாமல் இருக்க மனசு வராது என்று தெரிந்துதான் வைக்கிறார்கள். நான் 'சில நேரம்' என்பதில்தான் குறி போட்டேன். என் கோபம் ஒன்றும் பெரிதில்லை. வரி பிடிப்பதில் எப்போதும் சரியாக இருக்கிறது, மற்றதில் சில நேரம்.

அதனால் '78 சதவீதம் பேர் அரசை வெறுக்கிறார்கள்' என்று யாராவது எழுதினால் கொஞ்சம் பொறுங்கள்.

14 ஜனவரி

1964 பற்றி ஒரு ஏக்கம் எல்லோர் எழுத்திலும் தெரிகிறது, இங்கேயும். அந்த 77 சதவீத வருடத்தில் என்ன நடந்தது? ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் இரண்டாவது தாக்குதல் என்று ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் நடந்ததாகச் சொல்லி ஜான்சன் போருக்கு அதிகாரம் வாங்கினார். மிசிசிப்பியில் கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போன மூன்று இளைஞர்களைக் கொன்று மண் அணைக்குள் புதைத்தார்கள். டஸ்கிகீயில் அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்க்கும் 'ஆய்வை' 1932-லிருந்து நடத்திக்கொண்டிருந்தது. 1972-ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அரசு அதிகம் நம்பப்பட்ட வருடம், அது அதிகம் நம்பத் தகுந்த வருடமாக இருக்கவில்லை. சனங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். தெரிந்த பிறகு சந்தேகப்பட ஆரம்பித்ததை நோய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

16 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்போ பிரச்சினையே இல்லை என்கிறீர்களா?" என்கிறார். இருக்கிறது. மொத்த எண்ணில் அது தெரியாது, கட்சிவாரியாகப் பிரித்தால்தான் தெரியும்.

2020 ஆகஸ்ட், டிரம்ப் அதிபர்: குடியரசுக் கட்சிக்காரர்களில் 28 சதவீதம் பேர் அரசை நம்பினார்கள், ஜனநாயகக் கட்சியில் 12. எட்டு மாதம் கழித்து, 2021 ஏப்ரல், பைடன் அதிபர்: குடியரசு 9, ஜனநாயகம் 36. அதே அலுவலகங்கள், ஏறக்குறைய அதே ஊழியர்கள், அதே தபால்காரர், அதே வரிப் படிவம். மேலே நாற்காலியில் ஆள் மாறினார், பதில் தலைகீழாகப் புரண்டது. கேட்டது அரசைப் பற்றி, பதில் வந்தது ஆளைப் பற்றி.

இது பற்றி 1974-லேயே ஒரு சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் இதழில் ஆர்தர் மில்லர், இந்தச் சரிவு அமைப்பின் மீதே வெறுப்பு வளர்வதைக் காட்டுகிறது என்று எழுதினார். ஜாக் சிட்ரின் அதே இதழில் மறுத்தார். பேஸ்பால் ரசிகன் சொந்த அணி தோற்கும்போது 'ஊ' போடுவான், நாலு ஆட்டம் ஜெயித்தால் கைதட்டுவான், மைதானத்தை இடிக்கச் சொல்ல மாட்டான் என்கிற மாதிரி அவர் வாதம் போகிறது.

சிட்ரின் பக்கம்தான் நான் ரொம்ப நாள் இருந்தேன். இப்போது பாதி இருக்கிறேன். மீதிப் பாதி ஏன் நகர்ந்தது என்பதை அப்புறம் எழுதுகிறேன், அதற்குக் கொஞ்சம் பெரிசாக எழுத வேண்டும்.

18 ஜனவரி

இன்று பொங்கல் விழா, பள்ளிக்கூட அரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து. அழைப்பிதழிலேயே 'அரசியல் பேச்சு வேண்டாம்' என்று போட்டிருந்தார்கள். சாம்பார் சாதம் வாங்க நின்ற வரிசையிலேயே எச்1பி விசா பற்றி ஆரம்பித்துவிட்டது. ஈலான் மஸ்க்கும் டிரம்பின் பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனனும் டிசம்பர் கடைசியில் அடித்துக்கொண்டார்களே, அது. பேசியவர்களில் யார் எந்தக் கட்சி என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விசா விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

22 ஜனவரி

நேற்று முன்தினம் டிரம்ப் பதவியேற்பு. முதல் நாளே, 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு.

விலைவாசி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதாமாதம் நுகர்வோர் மனநிலையைக் கேட்டு வெளியிடுகிறது. நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு குடியரசுக் கட்சிக்காரர்களுக்குப் பொருளாதாரம் நல்லதாகத் தெரிய ஆரம்பித்தது, ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குக் கெட்டதாக. முட்டை விலை இருவருக்கும் ஒன்றுதான், ஆட்சியும் அப்போது இன்னும் மாறவில்லை. 2016-லும் இதே மாதிரி ஒரே வாரத்தில் புரண்டது.

இது புதுசும் இல்லை. அரசியல் அறிவியல் பேராசிரியர் லாரி பார்டெல்ஸ் 1988 கணிப்பை எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். ரீகனின் எட்டு வருடத்தில் பணவீக்கம் 13.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தீவிர ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் பணவீக்கம் கூடியிருக்கிறது என்றார்கள்.

24 ஜனவரி

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லையென்றால் அமெரிக்கர்கள் எல்லாம் கண் தெரியாதவர்கள் என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

2017-ல் டிரம்பின் முதல் பதவியேற்புக்கு எவ்வளவு கூட்டம் என்று சண்டை வந்ததே, அந்த வாரமே பிரையன் ஷாஃப்னர், சமந்தா லக்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். 2009 ஒபாமா கூட்டம், 2017 டிரம்ப் கூட்டம், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து எதில் ஆள் அதிகம் என்று கேட்டார்கள், எது யாருடையது என்று சொல்லாமல். ஒன்றில் திடல் நிறைந்து வழிகிறது, இன்னொன்றில் வெள்ளைத் தரை பளிச்சென்று தெரிகிறது. டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் 15 சதவீதம் பேர் காலியான படத்தைக் காட்டினார்கள். ஹிலாரி கிளின்டன் பக்கம் 2 சதவீதம். அதைவிட ருசியான விஷயம், தப்பாகக் காட்டிய டிரம்ப் ஆதரவாளர்களில் கல்லூரி படித்தவர்கள் விகிதம் அதிகம். படம் யாருடையது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குச் செய்தி பார்த்தவன்தான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல முடியும்.

பதில் சொல்கிறவன் தகவல் சொல்லவில்லை, கோஷம் போடுகிறான். ஜான் புல்லக் குழுவினர் சரியான பதிலுக்குச் சின்னதாகக் காசு தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கட்சிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. 'தெரியாது' என்பதற்கும் காசு உண்டு என்றதும் இன்னும் சுருங்கியது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளக் கூலி கேட்கிற மனிதர்கள்தான் எல்லா ஊரிலும்.

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். 1970-களில் சின்சினாட்டி ஆராய்ச்சியாளர்கள் '1975-ம் ஆண்டு பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா' என்று கேட்டார்கள். மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார். அப்படி ஒரு சட்டமே கிடையாது. 1995-ல் வாஷிங்டன் போஸ்ட் அதே இல்லாத சட்டத்தை எடுத்து, பாதிப் பேரிடம் அன்றைய ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளின்டன் அதை ரத்து செய்யச் சொல்கிறார் என்றும், மீதிப் பேரிடம் குடியரசுக் கட்சி சொல்கிறது என்றும் கேட்டது. அவரவர் கட்சி சொன்ன பக்கம் அவரவர் சாய்ந்தார்கள்.

26 ஜனவரி

சேலத்து நண்பர், "எல்லாம் சும்மா கோஷம் என்றால் ஜனவரி 6 எப்படி நடந்தது?" என்று கேட்டிருக்கிறார். நறுக்கென்ற கேள்வி. சிட்ரினிடமிருந்து நான் பாதி நகர்ந்தது அங்கேதான்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில் பக்ஸ் கவுன்டி, பிலடெல்பியாவுக்கு வடக்கே. 2020-ல் பைடனுக்குப் போன கவுன்டி, 2024-ல் மயிரிழையில் டிரம்புக்குப் போனது. 1988-க்குப் பிறகு இங்கே குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. குடியுரிமை கிடைத்ததிலிருந்து தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். சாவடிக்கு ஒரு தேர்தல் நீதிபதி. பெயர்தான் நீதிபதி, அக்கம்பக்கத்து ஆள்தான், நாலு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறவர். அவருக்குக் கீழே பெரும்பான்மை ஆய்வாளர் ஒருவர், சிறுபான்மை ஆய்வாளர் ஒருவர். இரண்டு கட்சியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

காலை 7 மணிக்குக் கதவு திறக்கும், இரவு 8-க்கு மூடும். ஓட்டு காகிதத்தில்தான். வட்டத்தைப் பேனாவால் நிரப்பி, ஸ்கேனரில் விட வேண்டும். சாயங்காலம் எண்ணிக்கை அச்சாகிப் பலசரக்குக் கடைப் பில் மாதிரி நீளமாக வரும். எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், ஒரு பிரதியைக் கதவில் ஒட்டுவோம். போகிற வருகிற யாரும் படிக்கலாம்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, குடியரசுக் கட்சி. காப்பியும் ஆப்பிள் கேக்கும் எல்லோருக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறவர். 2020-ல் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார், "நம்ம சாவடியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது." அடுத்த வாரம் கடையில் பார்த்தபோது, தேர்தலைத் திருடிவிட்டார்கள் என்றார். எங்கே என்று கேட்டேன். பிலடெல்பியாவில் என்றார். அங்கேயும் இதே மாதிரி மேஜை, இதே மாதிரி இரண்டு கட்சி ஆய்வாளர்கள்தானே என்றேன். "அங்கே யாரை எனக்குத் தெரியும்?" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. கருத்துக்கணிப்புகளிலும் இதுதான் வருகிறது. தன் ஊர் எண்ணிக்கை மேல் நம்பிக்கை அதிகம், நாட்டின் எண்ணிக்கை மேல் குறைவு. எல்லோருடைய ஊரும் சேர்ந்ததுதான் நாடு என்பது கணக்கில் வராது.

26 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

அந்த அம்மாவின் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. பென்சில்வேனியா சட்டப்படி தபால் ஓட்டு உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது. ஃபுளோரிடாவில் முன்கூட்டியே எண்ணித் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். 2020-ல் கொரோனா, தபாலில் வந்தது இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல். தபாலில் போடாதீர்கள் என்று டிரம்ப் தன் ஆட்களிடம் சொல்லியிருந்ததால் அதில் பெரும்பகுதி ஜனநாயகக் கட்சி ஓட்டு. விளைவு, முதல் இரவில் டிரம்ப் 6 லட்சத்துக்கும் மேல் முன்னணி, நாள் ஆக ஆகக் கரைந்து, சனிக்கிழமை பைடன் வெற்றி, கடைசியில் வித்தியாசம் சுமார் 80 ஆயிரம். தூங்கி எழுந்தவர்களுக்கு எண்ணிக்கை மாறியிருந்தது. இப்படி நடக்கும் என்று தேர்தலுக்கு முன்பே தெரியும், அதிகாரிகள் கேட்டும் சட்டசபை சட்டத்தைத் திருத்தவில்லை. இன்றுவரை திருத்தவில்லை.

பிலடெல்பியாவில் எண்ணிக்கை மையத்தை இரவு பகலாக நேரலையில் காட்டினார்கள். அங்கே தேர்தல் ஆணையர் மூவரில் குடியரசுக் கட்சிக்காரர் அல் ஷ்மிட். எண்ணிக்கை சரி என்று அவர் சொன்னார். டிரம்ப் அவர் பெயரைப் போட்டுத் திட்டினார், குடும்பத்துக்குக் கொலை மிரட்டல் வந்தது. இப்போது மாநிலச் செயலராகத் தேர்தல்களை அவர்தான் பார்க்கிறார், நியமித்தது ஜனநாயகக் கட்சி ஆளுநர்.

2 பிப்ரவரி

2024 எண்களைக் கேட்டிருந்தீர்கள். பியூ, தேர்தல் முடிந்த கையோடு எடுத்தது. தேர்தல் ஒழுங்காக நடந்தது என்றவர்கள் டிரம்ப் வாக்காளர்களில் 93 சதவீதம். 2020-ல் அதே கேள்விக்கு 21. ஹாரிஸ் வாக்காளர்களில் 84, 2020-ல் பைடன் வாக்காளர்களில் 94.

பார்த்தீர்களா, ஜெயித்தவன் பக்கம் இரண்டு தடவையும் 93, 94. தோற்றவன் பக்கம்தான் வித்தியாசம், 21-க்கும் 84-க்கும். 'ரெண்டு பக்கமும் ஒன்றுதான்' என்று இங்கே எழுதிய அன்பர் இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2024 நவம்பரிலும் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் ஓட்டை மாற்றிவிட்டது என்று ஒரு புரளி ஓடியது. என் பக்கத்து ஆட்களே எனக்கு அனுப்பினார்கள். எங்கள் ஸ்கேனருக்கு வைஃபையே கிடையாது, போங்கய்யா என்று பதில் போட்டேன். அந்தப் புரளி ஏன் இரண்டு வாரத்தில் அடங்கியது? நவம்பர் 6-ந் தேதியே ஹாரிஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசிவிட்டார். 2020-ல் தோற்றவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டு, ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்ற பிறகும்.

தொண்டன் போடும் கோஷம் கோஷமாகவே நிற்பதும் கட்டடத்துக்குள் புகுவதும் தலைவர் வாயில் இருக்கிறது. சிட்ரின் கணக்கில் இது இல்லை.

5 பிப்ரவரி

கல்யாணக் கேள்வி. 'உன் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கட்டிக்கொண்டால் வருத்தப்படுவாயா' என்று 1960-ல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 5 சதவீதம் சுற்றிதான். 2010-ல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர். ஸ்டான்ஃபோர்டில் ஷாந்தோ ஐயங்கார் குழுவினர் 2012-ல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதிலிருந்து இந்த எண் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. (பெயரைப் பார்த்து ஊர் விசாரிக்க வேண்டாம், விஷயத்துக்கு வாருங்கள்.) கொள்கையில் எவ்வளவு விலகினார்கள் என்பது ஒரு பக்கம் இருக்க, எதிர்க்கட்சி ஆளைப் பிடிக்காமல் போனதுதான் பெரிய மாற்றம் என்பது அவர்கள் வாதம்.

நம்மூரில் சம்பந்தி எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேறு கேள்விகள் நிறைய இருப்பதால் நாம் இதைப் பார்த்து ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

9 பிப்ரவரி

கல்யாணக் கேள்விக்கு ஒரு பின்குறிப்பு, முக்கியமானது. சமாரா கிளார், யானா க்ருப்னிகோவ், ஜான் ரயன் மூவரும் 2018-ல் அதே கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: வரப்போகிற மருமகன் எதிர்க்கட்சி, ஆனால் அரசியல் அதிகம் பேச மாட்டார். எதிர்ப்பு மளமளவென்று இறங்கிவிட்டது. சொந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் ஓயாமல் அரசியல் பேசுகிறவன் என்றால் வேண்டாம் என்றவர்களும் கணிசம்.

ஆக, அந்தப் பாதிப் பேர் வெறுத்தது எதிர்க்கட்சியை மட்டுமில்லை, தொணதொணப்பையும்தான். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, இந்த இழை திறந்திருந்த என் மடிக்கணினியைப் பார்த்தாள்.

எதிர்க்கட்சிக்காரன் என்றதும் மனசில் வரும் ஆள் யார் என்பதும் இருக்கிறது. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் இருவரும் 2018-ல் வெளியிட்டது: குடியரசுக் கட்சிக்காரர்களில் வருடம் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டால் அமெரிக்கர்கள் சராசரியாக 38 என்கிறார்கள். உண்மையில் 2 சொச்சம். ஜனநாயகக் கட்சியில் தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள் 32 சதவீதம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் 6 சொச்சம். செய்தி அதிகம் பார்ப்பவர்கள் இதைவிட மோசமாகத் தவறு செய்தார்கள்.

15 பிப்ரவரி

"ஏன் இப்படிப் பிரிந்தார்கள், ஒரு வரியில் சொல்லுங்கள்" என்கிறார் ஒருவர். ஒரு வரியில் முடியாது, ஒரு பத்தியில் முயற்சிக்கிறேன்.

1950-ல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன் குறை என்ன தெரியுமா? இரண்டு கட்சிக்கும் வித்தியாசமே தெரியவில்லை, வாக்காளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று! கேட்ட வரம் கிடைத்துவிட்டது. அன்று தெற்கத்திய இனவாதிகள் ஜனநாயகக் கட்சியில், நியூயார்க் தாராளவாதிகள் பலர் குடியரசுக் கட்சியில். இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 138-க்கு 34 என்று ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஜனநாயகக் கட்சி 152-க்கு 96. அந்தச் சட்டமும் அடுத்த வருட வாக்குரிமைச் சட்டமும் வந்த பிறகு தெற்கு மெதுவாகக் கட்சி மாறியது, முப்பது வருடம் பிடித்தது. மதம், இனம், நகரம், கிராமம் என்று எல்லாக் கோடும் ஒரே கோட்டின் மேல் வந்து விழுந்தது. அப்புறம் 1987-ல் ஒலிபரப்பில் இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்ற விதி எடுக்கப்பட்டது, அடுத்த வருடமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்போ நாடு முழுக்க வானொலியில், 1996-ல் ஃபாக்ஸ் செய்தித் தொலைக்காட்சி. 2024-ல் ஒரே தொகுதியில் அதிபருக்கு ஒரு கட்சி, பிரதிநிதிக்கு வேறு கட்சி என்று ஓட்டு விழுந்த தொகுதிகள் 435-ல் 16 மட்டும். 1984-ல் அது 150-க்கும் மேல்.

அரசியல் அறிவியலாளர் மோரிஸ் ஃபியோரினா ஒரு இடத்தில் முரண்படுவார்: சனங்கள் நடுவில்தான் இருக்கிறார்கள், கட்சிகள்தான் ஓரத்துக்குப் போய்விட்டன என்பார். அதே துறையின் ஆலன் அப்ரமோவிட்ஸ் இல்லை, சனங்களும் பிரிந்துவிட்டார்கள் என்பார். இருபது வருடமாக இருவருக்கும் இந்த வழக்கு நடக்கிறது. எனக்கு ஃபியோரினா சொல்வது நல்ல செய்தியாகத் தெரியவில்லை. நடுவில் நிற்கிறவன் தேர்தல் நாளில் ஓரத்தில் உள்ள இரண்டில் ஒன்றைத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்.

16 பிப்ரவரி

நேற்று எழுதியது பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. எங்கே நம்பிக்கை மிச்சம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்கா, தபால் துறை, நாசா மூன்றையும் இரண்டு கட்சிக்காரர்களும் பெரும்பான்மையாக விரும்புகிறார்கள். உள்ளூர் அரசை நம்புகிறவர்கள் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம், பல வருடமாக. எஃப்பிஐ மாதிரி செய்தியில் அடிபடும் அமைப்புகள் மட்டும் ஆட்சி மாற மாற ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் புரள்கின்றன.

2 மார்ச்

யாரும் கேட்காத கேள்வி ஒன்று: இந்த 22-ஐச் சொன்னவர்கள் யார்? 1997-ல் பியூ தொலைபேசியில் கூப்பிட்டால் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் 6 சதவீதம். அதனால்தான் தபால் உறையில் இரண்டு டாலர் வைத்து, ஆள் சேர்த்து, இணையத்தில் கேட்கும் முறைக்கு மாறினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டதும் பதில் சொல்கிறவன் ஓரளவு மனிதர்களை நம்புகிறவன். யாரையும் நம்பாதவன் உறையைக் குப்பையில் போடுவான் (டாலரை எடுத்துக்கொண்டுதான்). 2020 தேர்தல் கணிப்புகள் நாற்பது வருடத்தில் இல்லாத அளவு பிசகியதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. வயது, படிப்பு, இனம் எல்லாவற்றுக்கும் கணக்கில் சரிக்கட்டலாம், அவநம்பிக்கையை எதை வைத்துச் சரிக்கட்டுவது?

கேள்வி கேட்டவர் 22 குறைவு என்று பதறினார். எனக்கு அது கொஞ்சம் கூடுதலோ என்று தோன்றுகிறது.

8 மார்ச்

இந்த வருடம் எங்கள் சாவடியில் நீதிபதி பதவிக்குத் தேர்தல். போன தடவை யாருமே மனுப் போடாமல், சீட்டில் கையால் எழுதிய நாலைந்து பெயரில் ஒருவர் ஜெயித்தார். இம்முறை அந்த ஆசிரியை நிற்கிறார். மனுவில் கையெழுத்து வாங்க நேற்று எங்கள் வீட்டுக்கே வந்தார், போடத் தயாராகப் பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் குடியரசுக் கட்சி மனுவில் அந்தக் கட்சியில் பதிந்தவர்தான் கையெழுத்துப் போடலாம், நான் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவன். மனைவி எந்தக் கட்சியிலும் பதியவில்லை, அவளுக்கும் முடியாது. எதிர்வீட்டு குஜராத்திக்காரர் குடியரசுக் கட்சிதான் என்று சொல்லி அனுப்பினேன்.